நாட்டாமி நாட்டாமையான கதை

ஒருவருடைய வாழ்க்கையைத் தழுவி எழுந்த கதை, அவர் உயிரோடிருக்கும்போதே திரையில் ஏறி மக்கள் மனத்தில் வேரூன்றியும் விடுமாயின், பின்னர் அவரது வரலாற்றை எழுதப் புகுவோர் பாடு பெரும்பாடாகிவிடும். வரதராஜன் முனிசாமி முதலியாரின் நிலை இத்தகையதே. அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது அவருடைய முகம் அன்று. 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'நாயகன்' படத்திலே வேலு நாயக்கராகத் தோன்றிய கமலஹாசனின் முகமே. படம் மிக நல்ல படம். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும், நிழலின் அழகில் மயங்கி நிழலுக்குரிய மனிதரையும், அம்மனிதரால் வாழ்ந்தோரையும் தாழ்ந்தோரையும் நாம் மறந்துவிடலாகாது. நிழலினின்றும் மனிதரைப் பிரித்துக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பில் இருந்துகொண்டு பம்பாய்ச் சண்டியர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. வரதராஜனாரின் ஊராகிய தூத்துக்குடி நமக்கு அந்நிய ஊரன்று. வ. உ. சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பனி தன் கப்பல்களை ஓட்டியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலேதான். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் ஜிந்துப்பிட்டியிலும், துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அந்தக் கடலைக் கடந்து வந்தவர்களே. அக்கரையில் வறுமை வாட்டியபோது சிலர் கப்பலேறித் தெற்கே வந்தனர்; வேறு சிலர் ரெயிலேறி வடக்கே சென்றனர். வடக்கே சென்றவருள் ஒருவரின் கதை இது.

சுமை தூக்கிய இளைஞர்

வரதராஜனார் 1926ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையிலேயே பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்று, விக்டோரியா டெர்மினஸ் என்று அந்நாளில் வழங்கிய பெரும் புகையிரத நிலையத்தில் சுமைகூலியாக வேலை செய்தார். நம் புறக்கோட்டையிலே மூட்டை சுமப்பவரை நாட்டாமி என்கிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ நாட்டாமை என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைமை தாங்கி வழக்குத் தீர்ப்பவர் என்று பொருள். ஓசையில் ஏறக்குறைய ஒன்றாகி, பொருளில் ஏணியின் அடியும் நுனியும் போல் விலகி நிற்கும் இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரே பிறவியிற் கடந்தவர் வரதராஜனார். எந்த வழியாகக் கடந்தார், அவ்வழியில் யார் யார் மிதிபட்டனர் என்பதே நாம் காணவேண்டியது.

அந்த நிலையத்தை அடுத்துப் பிஸ்மில்லா ஷா பாபாவின் தர்கா இருக்கிறது. இந்துவாகிய வரதராஜனார் அந்தத் தர்காவில் ஏழைகளுக்கு உணவளிப்பதை ஒரு நேர்த்தியாகக் கொண்டிருந்தார். பணம் பெருகிய காலத்திலும் அதனைக் கைவிடவில்லை. அவரைப் பற்றி எழுதிய யாவரும் இச்செய்தியைத் தவறாது குறிப்பிடுவர். பசியை அறிந்தவரின் ஈகை அது. அதனை நாடகம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கு வேண்டிய அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்காமலிருக்கவும் இயலவில்லை.

சட்டம் பெற்ற பிள்ளை

அரிசி சாராயத்திலிருந்து வந்தது. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடியை ஒழிக்கும் நன்னோக்கோடு பிறந்தது. குடி ஒழியவில்லை, குடியை விற்பவர் மாறினர். உரிமம் பெற்ற கடை மூடப்பட்ட இடத்தில், சதுப்பு நிலத்துப் புதர்களுக்கிடையே அடுப்பு மூண்டது. வெல்லமும், அழுகிய பழமும், நவச்சாரமும் பீப்பாய்களில் ஊறின. வடித்த சரக்கை மோட்டார் வண்டிச் சக்கரத்தின் இரப்பர்க் குழாய்களில் நிரப்பி, உடலோடு சுற்றிக்கொண்டு ஊருக்குள் கடத்தினர். தாராவி, சயான் கோலிவாடா, அன்டாப் ஹில் ஆகிய வட்டாரங்களில் இத்தொழில் பெருகிற்று. அத்தொழிலின் தலைவராக வரதராஜனார் உயர்ந்தார்.

இத்தொழிலுக்கு ஆட்கள் எங்கே கிடைத்தார்கள்? வேலையும் வீடும் இன்றித் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேர்ந்தோரிடையே கிடைத்தார்கள். தாராவியில் தமிழர் குடியேற்றம் பழமையானது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தோல் பதனிடுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கே வேரூன்றினர். பின்னர் வந்தவர்களுக்கு நிலமும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை, மொழியும் புரியவில்லை. குடிசை கட்டினால் மாநகரசபை இடிக்கும். பங்கீட்டு அட்டை வேண்டுமாயின் முகவரி வேண்டும். முகவரி வேண்டுமாயின் இடிபடாத வீடு வேண்டும். சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத இம்மக்களிடையே, சட்டத்துக்குப் புறம்பான ஒருவர் அரசரானதில் வியப்பில்லை. சாராயம் காய்ச்சும் குடும்பத்துக்குக் கூலி கொடுத்தவரும் அவரே. பொலிஸ் வந்தால் மீட்டவரும் அவரே. நோயுற்றால் செலவுக்குப் பணம் தந்தவரும் அவரே. கையேந்திய மக்கள் அவரைத் தெய்வம் என்றனர். தெய்வத்துக்குக் காணிக்கை உண்டல்லவா? அது அவர்களது கீழ்ப்படிதலும் மௌனமும் ஆகும்.

இரு சுமைகூலிகள்

அவருடைய வாழ்வில் ஹாஜி மஸ்தானின் நட்பு ஒரு திருப்பம். மஸ்தான் இராமநாதபுரத்தை அடுத்த பனைக்குளத்தவர். அவரும் பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கித் தொடங்கியவரே. இந்திய அரசு 1968இல் பொற்கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியபோது, மதுவிலக்கு சாராயத்துக்குச் செய்ததை அது தங்கத்துக்குச் செய்தது. அரபு நாட்டுக் கரைகளிலிருந்து பாய்மரக் கலங்களில் தங்கமும் கைக்கடிகாரமும் வானொலிப் பெட்டியும் வந்திறங்கின. மஸ்தான் கடலைப் பார்த்துக்கொண்டார். வரதராஜனாரின் ஆட்களுக்குத் துறைமுகத்துச் சரக்கைக் களவாடுவது கைவந்த கலையாயிற்று. பட்டாணியராகிய கரீம் லாலாவும் சேர, பம்பாய் நகரம் எழுதப்படாத எல்லைகளால் மூவரிடையே பங்கிடப்பட்டது என்று கூறுவர்.

மஸ்தான் வெள்ளையுடை அணிந்து சினிமா உலகத்தோடு உறவாடியவர். 1975இல் வெளிவந்த 'தீவார்' என்ற இந்திப் படத்தின் நாயகனுக்கு அவரே முன்மாதிரி என்பது பரவலான கருத்து. அதே ஆண்டு நெருக்கடி நிலையின்போது சிறை சென்று, மீண்டபின் அரசியலிற் புகுந்து, 1994இல் காலமானார். வரதராஜனார் வழி வேறு. அவர் சினிமாவையும் அரசியல் மேடையையும் நாடவில்லை. தம் மக்களின் முடுக்குகளிலேயே தம் அரசை வைத்துக்கொண்டார்.

அந்த அரசின் சிகரம் அவருடைய வழக்கு மன்றம். நிலத்தகராறு, கடன், கணவன் மனைவி பிணக்கு என்று வந்தவர்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். அரசாங்க நீதிமன்றத்தில் ஆண்டுகள் இழுபடும் வழக்கு அங்கே ஒரு பொழுதில் முடிந்தது. பேசியது தமிழ், கட்டணம் இல்லை, தீர்ப்பை நிறைவேற்ற ஆட்கள் இருந்தனர். ஏழைக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நாம் உணரவேண்டும். அதே வேளையில், அம்மன்றத்திற் கூலிக்குக் கொலை செய்வித்த குற்றமும், நிலம் பறித்த குற்றமும், போதைப்பொருள் விற்ற குற்றமும் எக்காலத்திலும் விசாரணைக்கு வந்ததில்லை. ஏனெனில் அவை நீதிபதியின் தொழில்கள். வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு செய்ய எங்கே போவது?

1966இல் சிவசேனை தோன்றி, தென்னாட்டார் தம் வேலைகளைப் பறிக்கின்றனர் என்று கூறிப் பம்பாயில் கிளர்ச்சி செய்தது. தமிழ்க் கடைகளும் உணவகங்களும் தாக்கப்பட்ட அந்நாட்களில், தமக்கென்று ஒரு கை ஓங்கி நிற்கிறது என்ற எண்ணமே தமிழருக்குப் பெருந்துணையாயிற்று. ஆண்டுதோறும் மாதுங்கா நிலையத்தின் அருகே விநாயகர் சதுர்த்திக்கு அவர் எழுப்பிய பந்தல், பக்திக்கு மட்டுமன்றி, இங்கே நாமும் இருக்கிறோம் என்னும் பறைசாற்றலுக்கும் உரியதாயிற்று.

கொட்டாஞ்சேனையில் ஒரு முடுக்கு

'நாயகன்' படத்தை நான் முதன்முதற் கண்டது 1988இல், வெள்ளவத்தையில் ஓர் அயலவர் வீட்டில், வீடியோ ஒளிநாடாவில். 1983 யூலையின் கரிப்புகை எங்கள் நினைவினின்றும் அகலாத காலம் அது. காலி வீதியில் எரிந்த கடைகள் சில அப்போதுதான் மீண்டும் எழுந்திருந்தன. அந்நிய மொழி பேசும் நகரிலே தமிழர் குடிசைகளைக் காக்க ஒருவன் எழுந்து நிற்கும் காட்சியை அந்த அறையில் இருந்தோர் எத்தகைய மனநிலையிற் கண்டிருப்பார்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அன்று எங்களோடு இருந்தவர்களுள் என் உறவினரான ஒரு மூதாட்டியாரும் ஒருவர். கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில், வரிசை வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர். படம் முடிந்தபின் அவர் தம் முடுக்குச் சண்டியரைப் பற்றிக் கூறினார். சிங்களமும் தமிழும் ஒருங்கே பேசும் அம்மனிதர், 1983இல் கூட்டம் வந்தபோது முடுக்கின் வாயிலில் கத்தியோடு நின்று, உள்ளே ஒருவரையும் விடாமல் திருப்பியனுப்பினாராம். அம்முடுக்கில் ஒரு தமிழ் வீட்டுக் கதவும் உடைபடவில்லை. மூதாட்டியாரும் மருமகளும் குழந்தைகளும் உயிர் தப்பியது அவராலேதான். அவரே அம்முடுக்கின் பின்புறம் கசிப்பு விற்றவர். மூதாட்டியாரின் தம்பியார் அந்தக் கசிப்பைக் குடித்தே ஈரல் கெட்டு நாற்பது வயதுக்குள் மாண்டார். கடையில் இட்டலி அவித்து விற்ற மூதாட்டியார் கலவரத்துக்கு முன்னரும் அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்தார். கலவரத்துக்குப் பின்னரும் கொடுத்தார். அம்மனிதருக்கு நன்றி சொல்வதா, சாபமிடுவதா என்று தமக்கு இன்னும் தெரியவில்லை என்பதே அவர் பேச்சின் முடிவாயிருந்தது.

வரதராஜனாரைப் பற்றி நான் படித்த எந்நூலும் அந்த மூதாட்டியாரைப்போல் எனக்கு விளக்கம் தரவில்லை. காப்பவனும் கெடுப்பவனும் இருவரல்லர், ஒருவனே என்ற உண்மையை அவர் அறிந்திருந்தார். காப்பதனாலேயே அவனுக்குக் கெடுக்கும் உரிமை வருகிறது. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, கூப்பனுக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்தவர்கள் எத்தனை பேர்! அத்தகையோர் குடியிருந்த தோட்டங்களிலே, பொலிஸ் நிலையத்துக்குப் போக அஞ்சியவர்கள் சண்டியர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்கள். பம்பாயானாலென்ன, கொழும்பானாலென்ன, கைவிடப்பட்ட மக்கள் இருக்குமிடத்தில் இத்தகையோர் தோன்றாதிருப்பதில்லை.

திரை சொன்னதும் சொல்லாததும்

'நாயகன்' படத்தை இயக்கிய மணிரத்னம், வரதராஜனாரின் பெயர் உச்சத்தில் இருந்த எழுபதுகளில் பம்பாயில் நிர்வாகவியல் பயின்றவர். மரியோ பூசோவின் நாவலைக் கொண்டு பிரான்சிஸ் போர்ட் கொப்போலா 1972இல் எடுத்த 'காட்பாதர்' படத்தின் சாயல் இதில் உண்டென்பது உண்மையே. அமெரிக்காவில் அப்படம் உருவாகும்போது, தம் இனத்தாருக்கு இழுக்கு என்று இத்தாலிய அமெரிக்கர் எதிர்த்தனர். மாபியா என்னும் சொல்லையே திரைக்கதையிலிருந்து நீக்கத் தயாரிப்பாளர் இணங்கினர். நம்மவரோ 'நாயகன்' கண்டு நாணவில்லை, பெருமிதம் கொண்டனர். இரு சமூகங்களின் நிலை வேற்றுமை இதில் விளங்கும். ஏற்கெனவே காலூன்றியவர் தம் சண்டியரை மறைக்க விரும்புவர். அடிபட்டுக்கொண்டிருப்பவர் அவரைக் கொண்டாடுவர்.

நடிப்புக்குக் கமலஹாசனும், ஒளிப்பதிவுக்குப் பி. சி. ஸ்ரீராமும், தாராவியைச் சென்னையில் எழுப்பிய கலை அமைப்புக்குத் தோட்டா தரணியும் தேசிய விருது பெற்றனர். 2005இல் அமெரிக்க 'டைம்' சஞ்சிகை உலகின் சிறந்த நூறு படங்களின் வரிசையில் இதனைச் சேர்த்தது. இவ்வளவும் தகும். படம் வேலு நாயக்கரை வெறுமனே போற்றிவிடவும் இல்லை. மகள் சாருமதி தந்தையை எதிர்த்து வீட்டைவிட்டுப் போகிறாள். பொலிஸ் அதிகாரி ஒருவரை மணக்கிறாள். பேரன் தாத்தாவிடம் அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்க, முதியவர் விடை அறியாது திகைக்கிறார். இது கலையின் நேர்மை.

எனினும் படம் காட்டாத பகுதி ஒன்று உண்டு. நாயக்கர் கடத்துவதைக் காண்கிறோம். கடத்திய பொருளால் அழிந்தவரைக் காண்பதில்லை. வரதராஜனாரின் தலையாய தொழிலாகிய கள்ளச்சாராயம் யாருடைய குடலை எரித்தது? சீமான்களுடையதை அன்று. அவரைத் தெய்வமாகத் தொழுத அதே குடிசைகளின் ஆண்களுடையதை. அவர் கொடுத்த பணத்தில் மருந்து வாங்கிய பெண், அவர் விற்ற சரக்கினால் கணவனை இழந்தவளாகவும் இருக்கலாம். ஒரு கையால் எடுத்ததிற் சிறு பங்கை மறு கையாற் கொடுப்பவரை வள்ளல் என்று அழைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிது. திரை பேரனின் கேள்வியை நாயக்கரிடம் கேட்டது. அக்கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

வீழ்ச்சி

எண்பதுகளின் நடுப்பகுதியில் பம்பாய்ப் பொலிஸ் அதிகாரி வை. சி. பவார் வரதராஜனாரின் கூட்டத்தைக் குறிவைத்தார். ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிடிபட்டனர், சிலர் மாண்டனர். மாதுங்காவின் பெரும்பந்தலும் சுருங்கிற்று. எல்லார்க்கும் புகலிடமாய் விளங்கியவர் தாமே புகலிடம் தேடிச் சென்னைக்கு ஓடினார். இத்தனை ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்த சட்டத்துக்குத் திடீரென்று பார்வை வந்தது எவ்வாறு என்று கேட்பது நியாயமே. அவருடைய ஆட்சிக்கு அவரது வீரம் மட்டும் காரணமன்று, அதிகாரத்திலிருந்தோரின் இசைவும் காரணம் என்பதையே அவர் வீழ்ந்த விரைவு காட்டுகிறது.

படத்தில் வேலு நாயக்கர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்று, வாயிலில் மக்கள் வெள்ளத்தின் நடுவே சுடப்பட்டு வீழ்கிறார். சுடுபவன், அவர் முன்னாளிற் கொன்ற பொலிஸ்காரனின் மகன். காவிய நாயகனுக்குரிய முடிவு அது. உண்மை மனிதருக்கு அத்தகைய முடிவு வாய்க்கவில்லை. படம் வெளியாகிய இரண்டரை மாதங்களில், 1988 ஜனவரி 2ஆம் திகதி, தம் மக்களுக்கு வெகு தொலைவில், சென்னையில், மாரடைப்பால் அவர் காலமானார். பழைய தோழர் மஸ்தான் தனி விமானம் அமர்த்தி உடலைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். சுமைகூலியாய் அந்நகரில் உழைத்தவருக்கு இறுதி ஊர்வலத்தில் மக்கள் திரண்டனர்.

அத்திரளில் அழுதவர்களின் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அவர்கள் வீடு திரும்பியபோது எது எஞ்சியிருந்தது? அவர் தீர்த்த வழக்குகளுக்கு ஏடு இல்லை. அவர் அளித்த காவலுக்கு அவருக்குப்பின் பொறுப்பாளர் இல்லை. ஒரு சங்கம் அமைத்து, உரிமை கேட்டு, குழாயையும் அட்டையையும் சட்டப்படி பெற்ற மக்களுக்கு அவை தலைவர் மாண்டபின்னும் நிலைக்கும். ஒருவரின் கருணையாற் பெற்றவை அவர் மூச்சோடு போகும். பம்பாயின் நிழலுலகம் விரைவிலேயே வேறு கைகளுக்குச் சென்றது. அது முன்னிலும் கொடிதாயிற்று.

வணிகர் ஆண்டிறுதியில் ஐந்தொகை போடுவர். சொத்து ஒருபுறம், பொறுப்பு மறுபுறம். ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டினால் அது கள்ளக் கணக்கு. வரதராஜ முதலியாரின் வரலாற்றையும் அவ்வாறே எழுதவேண்டும் என்பேன். தர்காவில் அவர் இட்ட சோறு ஒருபுறம் நிற்கட்டும். அவர் வடித்த சாராயம் மறுபுறம் நிற்கட்டும். அவரிடம் நீதி பெற்ற ஏழையின் பெயருக்கு நேரே, அவரிடம் நீதி கேட்க இயலாத ஏழையின் பெயரும் ஏறட்டும். அக்கணக்கின் அடியில், பொறுப்பின் பகுதியிலே, இன்னொரு தொகையும் உண்டு. வந்தேறியவருக்குத் தண்ணீரும் முகவரியும் நீதியும் தர மறுத்த ஓர் அரசாங்கத்தின் கடன் அது. அந்தக் கடன் பம்பாயிலும் முழுதும் தீரவில்லை. நம் கொட்டாஞ்சேனை முடுக்குகளிலும் தீரவில்லை. அது தீரும்வரை, சண்டியர் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒருவர் காத்துக்கொண்டுதான் இருப்பார்.